மூன்றாம் முனைக்கும் மதிப்பளிப்போம்

சார்ஜரில் செருகியுள்ள மடிக்கணினியின் உலோக உடலைத் தொட்டால், மெல்லிய ஊசிகள் குத்துவது போன்ற ஒரு கூச்சம் சிலருக்கு ஏற்படுகிறது. வெறுங்காலுடன் சீமெந்துத் தரையில் இருப்போருக்கு அது இன்னும் அதிகம். 'கணினி பழுது' என்று பதறுவோரும் உண்டு. 'அது அப்படித்தான்' என்று பழகிவிடுவோரும் உண்டு. இரண்டுமே தவறு என்பேன்.

சார்ஜருக்குள்ளே, மின்னிரைச்சலை அடக்குவதற்காக, மின்வழங்கற் பக்கத்தையும் கணினிப் பக்கத்தையும் தொடுக்கும் சிறிய கொள்ளளவி ஒன்று உண்டு. நமது 230 வோல்ற் மின்சாரத்தில் மிகச் சொற்பம் அதனூடாகக் கசிகிறது. தரமான சார்ஜர்களில் இக்கசிவு அரை மில்லி அம்பியருக்கும் குறைவு. அது கூச்சத்தைத் தரும், உயிரைப் பறிக்காது.

புவிக்கம்பியுள்ள மூன்று முனைச் சார்ஜர் என்றால், அந்தக் கசிவு பெரும்பாலும் நிலத்துக்குச் சென்றுவிடும். இரண்டு முனை என்றால் அதற்குக் கிடைக்கும் வழி நமது உடல்தான்.

நாமோ மூன்றாம் முனையை ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை. சொக்கற்றின் புவித்துளையில் பேனா மூடியைக் குத்தி, இரண்டு முனைச் செருகியைத் திணிக்கிறோம். ஐரோப்பாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கணினியின் செருகியில் புவித்தொடுப்பு பக்கவாட்டு உலோகத் தகட்டில் இருக்கிறது. மலிவான மாற்றிச் செருகிகள் பல அந்தத் தகட்டைத் தொடுவதே இல்லை.

இதில் ஆபத்து எங்கே? பெயரில்லாத மலிவுச் சார்ஜர்களில் பாதுகாப்புத் தரமற்ற கொள்ளளவி இருக்கலாம். அது பழுதடைந்தால், கசிவு என்ற நிலை மாறி முழு மின்சாரமே கணினியின் உடலுக்கு வந்துவிடும். அப்போது நம்மைக் காக்க வேண்டியவை புவிக்கம்பியும், 30 மில்லி அம்பியர் அளவில் மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச்சும்தான். நம்மில் எத்தனை பேர் அதன் பரிசோதனைப் பொத்தானை ஒருமுறையேனும் அழுத்திப் பார்த்திருக்கிறோம்?

செருப்பு அணிந்தால் கூச்சம் குறையும். ஆனால் அது பரிகாரமாகாது. மூன்று முனைச் சார்ஜரைப் பயன்படுத்துங்கள். தேர்ந்த மின்னியலாளரை அழைத்து வீட்டின் புவித்தொடுப்பைச் சோதியுங்கள். கூச்சம் உதறலாக மாறினால் உடனே சுவரில் சுவிட்ச்சை நிறுத்துங்கள். அந்தச் சார்ஜரை மீண்டும் தொடவேண்டாம்.

இலட்சம் ரூபாவுக்கு மேல் கொடுத்துக் கணினி வாங்குகிறோம். அதைத் தொடும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக ஒரு கம்பிக்குச் செலவிடத் தயங்குவது என்ன நியாயம்?