கேமரா வைத்தீர்கள், கீலுக்கு எண்ணெய் விட்டீர்களா?



ஆவணி முடியப் போகிறது. வழக்கமாக இந்த நேரத்தில் ஆசிரியர் தின வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி சொல்லி நாலு வரி எழுதுவேன். இந்த வருஷம் கதவைப் பற்றி எழுதப் போகிறேன், அதுவும் கொஞ்சம் கோபமாக. சிலருக்குச் சுருக்கென்று தைக்கும். தைக்கட்டும். வகுப்பில் என்னிடம் திட்டு வாங்காத ஆள் உங்களில் யார்?

போன ஐப்பசியில் மன்னார்குடியில் என் அக்கா குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார். வயது 76. மூன்று நாளாக விடாத மழை. பழைய வீடு, வேப்பமரப் பலகைக் கதவு. சாத்தும்போதே இறுக்கமாக இருந்திருக்கிறது, அழுத்திச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். குளித்து முடித்துத் தாழ்ப்பாளை நீக்கினால், தாழ்ப்பாள் வந்துவிட்டது, கதவு வரவில்லை. போன் கூடத்தில். இரண்டரை மணி நேரம், ஈரப் புடவையோடு, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் பூக்காரம்மா வந்து குரல் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவரும் உள்ளே வர முடியவில்லை. கம்பிக் கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் கொல்லைப்புறமாகப் போய், குளியலறை வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, முதலில் ஒரு செம்பு தண்ணீர் நீட்டினான். பிறகு பூட்டை உடைத்து உள்ளே வந்து, அக்காவை மூலையில் ஒதுங்கச் சொல்லித் தோளால் ஒரு இடி. திறந்துகொண்டது.

இதெல்லாம் நடக்கும்போது அந்த வீட்டில் நான்கு கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாசல், கூடம், மாடிப்படி, கொல்லை. அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து அவற்றைப் பார்க்கலாம். அன்றும் பார்த்திருக்கிறான். கூடம் காலியாக இருந்ததால் அம்மா தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டான். அவன்மேல் தப்பில்லை. பாசமில்லாதவனா, கேமராவுக்குச் செலவு செய்தவனாயிற்றே. ஆனால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவன் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, அந்தப் பழைய கதவு ஜன்னல் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு யூபிவிசி போட்டுடலாம். மெயின்டனன்ஸே கிடையாது."

மெயின்டனன்ஸே கிடையாது! இந்த ஒரு வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. இதே வார்த்தையை என் பழைய மாணவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் சிவில் இன்ஜினியர், என் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் பாடம். மழைக்காலத்தில் கதவு ஏன் பிடிக்கிறது? எந்த வகுப்பில் கேட்டாலும் ஒருவன் எழுந்து "வெப்பத்தால் விரிவடைகிறது சார்" என்பான். அப்படியானால் சித்திரையில் அல்லவா பிடிக்க வேண்டும்? சித்திரையில் கதவு கலகலவென்று ஆடும். ஐப்பசியில்தான் பிடிக்கும். மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதுகிறது, வறண்டால் சுருங்குகிறது. அதிலும் நீளவாக்கில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம், ரேகைக்குக் குறுக்கே, அகலவாக்கில்தான் ஊதும். நம் தாத்தா காலத்து ஆசாரிகள் இதைப் புத்தகம் இல்லாமல் தெரிந்து வைத்திருந்தார்கள். சட்டம் கோத்து, நடுவில் பலகையைக் காடிக்குள் ஒட்டாமல் விட்டார்களே, எதற்கு? பலகை உள்ளுக்குள்ளேயே ஊதிச் சுருங்கிக்கொள்ளட்டும், கதவின் மொத்த அகலம் அதிகம் மாறாமல் இருக்கட்டும் என்றுதான். மெருகு பூசும்போது அந்த இடுக்கையெல்லாம் பட்டி வைத்து அடைத்துவிட்டு, பிறகு பலகை வெடிக்கிறது என்று புலம்புகிறவர்களை என்ன சொல்ல!

சரி, மரம் ஈரத்தை எந்த வழியாக அதிகம் குடிக்கிறது? வெட்டுமுனை வழியாக. உறிஞ்சுகுழல் கட்டின் முனைபோல அது. கதவில் அந்த முனை எங்கே இருக்கிறது? மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும். உங்கள் வீட்டுக் கதவின் அடி விளிம்பில் யாராவது பெயின்ட் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். பத்துக்கு எட்டு வீட்டில் பச்சை மரம்தான் தெரியும் என்று பந்தயம் கட்டுகிறேன். முகத்துக்கு மூன்று கோட் எனாமல், தண்ணீர் படுகிற காலுக்கு ஒன்றுமில்லை. குளியலறைக் கதவு தினமும் அந்த அடி வழியாகத்தான் குடிக்கிறது. பிளைவுட் கதவானாலும் இதேதான், அது ஊதாது, அடியில் ஏடு ஏடாகப் பிரியும்.

அக்கா வீட்டுக் கதவைக் கழற்றிப் பார்த்தேன். அடி விளிம்பு கருத்து, நகத்தால் அழுத்தினால் அமுங்கியது. ஒரு பிரஷ்ஷும் கால் லிட்டர் பெயின்ட்டும் செய்திருக்க வேண்டிய வேலை. 40 வருஷத்தில் யாரும் செய்யவில்லை.

இப்போது அந்த யூபிவிசி. அது ஊதாது, கரையான் அரிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சென்னையில் என் மாணவன் ஒருவன் வீட்டில் தங்கியிருந்தபோது, நல்ல மழையில் நகர்த்து ஜன்னலின் அடியிலிருந்து தண்ணீர் கூடத்துக்குள் வழிந்தது. "ஜன்னல் லீக் சார், கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றான். போய்ப் பார்த்தால், கீழ்த் தண்டவாளத்தில் தண்ணீர் வெளியே போக வைத்திருக்கிற சின்னத் துளைகளில் பாதி தூசியும் புறா இறகும். மீதியை, ஓட்டை என்று நினைத்து, யாரோ சிலிக்கான் வைத்து அழகாக அடைத்திருக்கிறார்கள்! தண்ணீர் வேறு எங்கே போகும்? துடைப்பக் குச்சியால் குத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன், வெளியே போனது. அவன் பொறியாளன். மெயின்டனன்ஸ் இல்லாத ஜன்னல் என்று ஒன்று கிடையாது, மெயின்டனன்ஸ் செய்யாத வீட்டுக்காரர்தான் உண்டு. ரப்பர் பட்டை காய்ந்து வெடிக்கும், சக்கரம் தேயும், கீல் திருகு தளரும். பிளாஸ்டிக் என்பதற்காக அதன் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்குமா?

இன்னொரு கட்சியும் இருக்கிறது. ஐப்பசியில் கதவு பிடித்தவுடன் ஆசாரியைக் கூப்பிட்டு "கொஞ்சம் சீவி விடுங்க" என்கிறவர்கள். பாவம், அவரும் இழைப்புளியைப் போட்டு அரை விரல் கனம் இழைத்துவிட்டுப் போவார். பங்குனி வந்ததும் மரம் சுருங்கும், இடுக்கு வழியாகப் பல்லியும் தூசியும் வரும், தாழ்ப்பாள் நாதாங்கியில் விழாது. அடுத்த ஐப்பசியில் மறுபடி பிடிக்கும், ஏனென்றால் இழைத்த இடத்தில் பெயின்ட் அடிக்கவில்லை, பச்சை மரம் முன்னைவிட வேகமாகக் குடிக்கிறது. மறுபடி சீவல். இப்படியே நாலு மழை போனால் "கதவு வீணாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான்." வீணாக்கியது மழையா?

மழையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். எங்கே பிடிக்கிறது என்று அடையாளம் வைப்பது. கதவின் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்துச் சாத்தித் திறந்தால், நிலையில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அதுதான் இடம். (ஓய்வு பெற்றும் என் வீட்டில் சாக்பீஸ் பஞ்சமில்லை.) தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலையில் மட்டும் உரசினால் மரம் ஊதவில்லை, மேல் கீலின் திருகு தளர்ந்து கதவு தலை சாய்ந்திருக்கிறது. அதை இழைப்பது கொலை. திருகைக் கழற்றி, ஓட்டையில் ஃபெவிகால் தொட்ட தீக்குச்சிகளைச் செருகி, காய்ந்த பிறகு திருகை முடுக்கினால் தீர்ந்தது. நெடுக உரசினால்தான் ஊதல். அப்போதைக்கு மெழுகுவத்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். மாசி, பங்குனியில் மரம் உலர்ந்த பிறகு, அடையாளம் வைத்த இடத்தில் மட்டும் தேவையான அளவு இழைத்து, ஆறு பக்கமும், ஆறு பக்கமும் என்று இரண்டு முறை சொல்கிறேன், பெயின்ட் அடியுங்கள்.

இந்த மாதம், மழைக்கு முன்னால், எண்ணெய் மாதம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. பூட்டுத் துவாரத்துக்கு எண்ணெயே வேண்டாம், பென்சில் கரித்தூள் போதும். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை தவறாமல் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறோம். அதற்கு நான் எதிரி இல்லை. அந்த நிலையிலேயே தொங்குகிற கீலுக்கு வருஷத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. கதவு கிறீச்சிட்டால் வாஸ்துக்காரரைக் கூப்பிட்ட உறவினர்கூட உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படித்துக்கொண்டிருப்பார்.

ஜன்னல் கொக்கிகளையும் பாருங்கள். டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையைக் கடந்தபோது, கொக்கி துருப்பிடித்திருந்த ஜன்னல் கதவுகள் எப்படி அடித்துக்கொண்டன என்று காதால் கேட்டவர்கள் நீங்கள். அக்கா வீட்டு மேற்கு ஜன்னலின் ஒரு கதவு அன்றுதான் போனது. அந்த இடத்தில் இன்னும் தகரம் அடித்து வைத்திருக்கிறோம். உப்புத்தாளும் ஒரு டப்பா ரெட் ஆக்சைடும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்க வேண்டும். போன புரட்டாசியில் நான் அக்கா வீட்டில் நான்கு நாள் இருந்தேன். அந்தக் குளியலறைக் கதவு தரையில் இழுபடுவதைப் பார்த்தேன். காலால் ஒரு உதை கொடுத்துச் சாத்திவிட்டு, வந்து காபி குடித்தேன். 34 வருஷம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன்.

கடைசியாக ஒரு விஷயம், இதுதான் எனக்கு மிக முக்கியம். அந்தப் பையன் வெளியிலிருந்து ஒரே இடியில் திறந்தான். உள்ளே அக்காவால் இரண்டரை மணி நேரம் முடியவில்லை. ஏன்? கதவு உள்பக்கமாகத் திறப்பது. வெளியே இருப்பவர் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுத் தள்ளலாம். உள்ளே இருப்பவர் ஈரக் கையால் இரண்டு அங்குலக் குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். வயதானவர் உள்ளே மயங்கிக் கதவோரம் விழுந்துவிட்டால் இன்னும் மோசம், வெளியிலிருந்தும் தள்ள முடியாது, அவர்மேலேயே தள்ள வேண்டும். பெரியவர்கள் புழங்குகிற குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிப் போடுங்கள். உள்ளே பெரிய கைப்பிடி வையுங்கள். வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பி நீக்கக்கூடிய தாழ்ப்பாள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. கம்பிக் கேட்டின் மறுசாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.

ஊருக்கு வரும்போது அப்பா அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷின் வாங்கி வருகிறீர்கள், சந்தோஷம். அந்த நாலு நாளில் ஒரு மணி நேரம், வீட்டில் இருக்கிற ஒவ்வொரு கதவையும் உள்ளே நின்று ஒருமுறை, வெளியே நின்று ஒருமுறை, நீங்களே திறந்து பாருங்கள். ஒரு கையால், கை நனைத்துக்கொண்டு. அம்மாவின் பலம் அவ்வளவுதான்.

தம்பி, அக்கா மகனே, கோபித்துக்கொள்ளாதே. அந்த வேப்பங்கதவு இப்போது வெளிப்பக்கமாகத் திறக்கிறது. அடியை இரண்டு அங்குலம் அறுத்துத் தேக்கு ஒட்டுப் போட்டு, அடி விளிம்புக்கு நானே பெயின்ட் அடித்தேன். உங்கம்மா சுண்டுவிரலால் தள்ளிக் காட்டினார்.

மேற்கு ஜன்னல் வேலை மட்டும் பாக்கி. முன்பு வந்த ஆசாரிக்கு இப்போது கண் தெரியவில்லை. மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் பழைய ஜன்னல் கதவைப் பார்த்து அதேபோல் செய்யத் தெரிந்தவர் யாராவது இருந்தால் எனக்கு உள்பெட்டியில் சொல்லுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும்.