எல்லாம் இணையத்தில் இருக்கிறதாம்

வீடியோ கடை ஒழிந்ததற்கு நம் நண்பர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடைக்காரர் வைத்திருப்பதைத்தான் பார்க்க வேண்டும் என்ற காலம் போய், வேண்டிய படத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளும் சுதந்திரம் தோட்டப்புறத்துக்கும் வந்துவிட்டதாம். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்து பொறியியல் படித்த எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

முதலில், யார் வீடு? ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் இணையம் வந்தது தொலைபேசியின் செம்புக் கம்பி வழியாக. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் விழும். சில கிலோமீட்டர் தாண்டினால் இணைப்பே நிற்காது. தானா ராத்தா பட்டணத்தில் கிடைத்தது, மலைச்சரிவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லயத்து வீட்டுக்குக் கிடைக்கல. 512 கேபிபிஎஸ் முழுசா வந்தாலே 700 எம்பி படத்துக்கு மூன்று மணி நேரம். ஆக, பட்டணத்தில் யாரோ இறக்கினார்கள், படம் பென்டிரைவில் தோட்டத்துக்கு ஏறி வந்தது. நாம் பார்ப்பதை அப்பவும் இன்னொருத்தர்தான் தேர்ந்தெடுத்தார். ஒழிந்தது கடையின் அலமாரி மட்டும்தான்.

அந்த அலமாரியைப் பற்றித்தான் பேசணும். வீடியோ கடையைக் கோயிலாக்க வேண்டாம். திருட்டுப் பிரதிகள் தாராளமாகப் புழங்கிய இடம் அது. 2000இல் அரசாங்கம் ஒளித்தட்டுச் சட்டம் கொண்டுவந்ததும் திருட்டுத் தட்டுகளை ஒடுக்கத்தான். மூன்று விசிடி படத்தில் மூன்றாவது கீறியிருக்கும், கிளைமாக்ஸ் போச்சு. ஆனால் ஒருமுறை வாங்கி வைத்த கேசட், யாரும் கேட்காவிட்டாலும் தூசி படிந்து அங்கேயே நிற்கும். கேட்ட அன்றைக்குக் கிடைக்கும். டோரண்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. படம் எந்தக் கிடங்கிலும் இல்லை. பகிர்கிறவர்களின் கணினியில் இருக்கிறது. முழுப் படத்தையும் வைத்திருக்கும் கடைசி ஆள் தன் கணினியை அணைத்துவிட்டால் பட்டியலில் பெயர் இருக்கும், படம் இறங்காது.

அப்படியானால் உயிரோடு இருப்பது எது? ஆயிரம் பேர் கேட்பது. சென்னையில் நேற்று வெளியான படத்துக்குப் பஞ்சமே இல்லை. நம் படம்? தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005இல் வந்தது. தோட்டத்துப் பெண் ஒருத்தி மேற்படிப்புக்கு ஆசைப்படும் கதை, நம் ஆட்கள் எடுத்தது. நான் தேடியபோது பகிர்பவர் எண்ணிக்கை பூஜ்யம்.

திருட்டு டவுன்லோடுதான் மலேசியத் தமிழ்ப் படத்தைக் கொல்லுது என்று மேடைக்கு மேடை புலம்புகிறோம். நம்ம படத்தைத் திருடக்கூட ஆளில்லை, அதுதான் நிலைமை. ‘ஜகாட்’ 2016இல் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானபோது பெருமைப்பட்ட அத்தனை பேரிடமும் கேட்கிறேன்: அதற்கு முன்னால் வந்த எத்தனை உள்ளூர்ப் படத்தின் பிரதி உங்கள் சங்கத்தில் இருக்கிறது?

விற்று முடிந்த படத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் தயாரிப்பாளர்கள் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு ஒரு நல்ல பிரதி கொடுக்கட்டும். தோட்டத்து வீடுகளில் கட்டிலுக்கடியில் கிடக்கும் உள்ளூர் கேசட்டுகளை, விசிடிகளை இளைஞர் மன்றங்கள் இப்பவே கேட்டு வாங்கட்டும். இந்த மலை ஈரத்தில் நாடாவுக்குப் பூஞ்சை பிடிக்க வெகுநாள் ஆகாது.