போட்டால் போதுமா, எடுக்க வேண்டாமா?

போன மாதம் அக்கா மகன் தன் புது ஜீப்பில் என்னை வால்பாறைக்குக் கூட்டிப் போனான். ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டை லீவரை இழுத்து ஃபோர் வீல் போட்டான். நல்ல வெயில். ரோடு காய்ந்து கிடந்தது.

"எதுக்கு மாப்ளே இது?" என்றேன்.

"மலை ரோடு மாமா. நாலு சக்கரமும் புடிச்சுக்கும். சேஃப்டி."

"தார் ரோட்டுல அது வேண்டாம். எடுத்துடு."

"நீங்க ஓட்டுனது அந்தக் காலத்து ஜீப்புங்க மாமா. இது புது வண்டி. ஒண்ணும் ஆகாது."

அந்த மலைப்பாதையில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங் கனத்தது, டயர் கிறீச்சிட்டது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி தயங்கியது. அட்டகட்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். இப்போது லீவரை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தான், கையால் தட்டினான், முகம் வியர்த்துவிட்டது.

"இழுக்காதே. ஸ்டீயரிங்கைத் திருப்பாம, நேரா இருபது அடி ரிவர்ஸ் எடு" என்றேன். எடுத்தான். கிளட்சை மிதித்து லீவரைத் தொட்டதும் 'டக்'கென்று விழுந்தது. மந்திரம் போட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான்.

மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு வண்டியை விற்றவர்கள் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். குட்டை லீவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேச யாருக்கும் நேரம் இல்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின்சக்கரங்கள் சின்ன வட்டம் போடும். இடது வலது வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் பார்த்துக்கொள்ளும். ஆனால் இந்த மாதிரி ஜீப்புகளில் ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பெரிய வட்டம் போகிறவனும் சின்ன வட்டம் போகிறவனும் ஒரே கணக்கில் அடி வைக்க வேண்டும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க வழி ஏது? அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் பல்சக்கரங்களிலும் ஏறி நிற்கும். லீவர் சிக்கிக்கொள்வது அதனால்தான். நேராகப் பின்னால் எடுத்தால் முறுக்கு அவிழும்.

நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் வைத்த வண்டிகள் உண்டு. அவை எந்நேரமும் நாலு சக்கரத்திலும் ஓடலாம். உங்கள் வீட்டு வண்டி எந்த வகை என்று அதன் புத்தகத்தில் போட்டிருக்கும். லீவருக்குப் பதிலாகப் பட்டன் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும் என்று நினைக்காதீர்கள். உள்ளே நடுவில் டிஃபரன்ஷியல் இல்லையென்றால், பட்டனை அமுக்கினாலும் அதே முறுக்குதான்.

அடுத்தது இந்த 'சேஃப்டி' பேச்சு. ஃபோர் வீல் வண்டியை நகர்த்தத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. மழையில் நாலு சக்கரம் இழுக்கிறதென்ற தைரியத்தில் வேகமாகப் போகிறவன், வளைவில் பிரேக் போடும்போதுதான் உண்மையைத் தெரிந்துகொள்வான். தார் ரோட்டில் மலை இறங்க ஃபோர் வீல் தேவையில்லை. முதல் கியரோ இரண்டாவது கியரோ போட்டு, எஞ்சினைப் பிடிக்க விட்டு மெதுவாக இறங்கினால் போதும்.

இதைவிட ஆபத்தானது, சில வண்டிகளில் அந்த லீவரில் இருக்கும் 'என்' என்கிற நியூட்ரல். அதில் நின்றுவிட்டால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. முதல் கியரில் போட்டிருக்கிறோம் என்று நம்பி இறங்கிப் போனால், சரிவில் வண்டி தானாக உருளும். சரிவில் லீவரை மாற்றும்போது கால் பிரேக்கில் இருக்க வேண்டும். இறங்குமுன் ஹேண்ட் பிரேக் கட்டாயம்.

இவ்வளவும் எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1979-ல், மலை மேல் எங்கள் அலுவலக ஜீப்பை ஓட்டிய டிரைவர். அதில் இரண்டு குட்டை லீவர்கள். சேற்றில் மாட்டிய பிறகு போடமாட்டார். சேறு கண்ணில் பட்டதுமே நிறுத்தி, சக்கரத்தை நேராக்கிப் போடுவார். லோ போட வேண்டுமென்றால் வண்டி முழுதாக நிற்க வேண்டும். தார் ரோடு வந்ததும் முதல் வேலையாக எடுத்துவிடுவார். "போடறது யாரு வேணா போடுவாங்க சார். எடுக்கறதுக்குத்தான் டிரைவர் வேணும்" என்பார்.

ஒரு நாள் சேற்றுப் பாதை முடிந்து ரோட்டுக்கு வந்ததும் நான் ஓட்டுகிறேன் என்று ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். "ஃபோர் வீலை எடுத்துடுங்க சார்" என்றார். "இருக்கட்டும், மழை வர்ற மாதிரி இருக்கு" என்றேன். இருபது கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். ஒரு வளைவில் 'படார்' என்று சத்தம். முன் ஷாஃப்டின் யூ-ஜாயிண்ட் உடைந்து போயிருந்தது.

விளக்கம் கேட்டு அவருக்குத்தான் மெமோ வந்தது. நான் ஓட்டினேன் என்று அவரும் எழுதவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். பிறகு ஒரு நாள் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. கடன் இன்னும் தீரவில்லை.

அன்று அலட்சியம் என்னுடையது, தண்டனை அவருக்கு. இன்று விற்கிறவர்களின் அலட்சியத்துக்கு நம் பிள்ளைகள் மலை வளைவில் விலை கொடுக்கப் போகிறார்களா? லைசென்ஸ் வாங்கும்போது இந்த லீவரைப் பற்றி என்னை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும். வண்டி கொடுக்கும் நாளில் ஒரு மண் தரையில் நிறுத்தி, போடவும் எடுக்கவும் வாங்குபவரையே செய்யச் சொல்ல வேண்டும். அதுவரை சாவியைக் கொடுக்கக் கூடாது.

உங்கள் வீட்டிலும் மகனோ பேரனோ இப்படி ஒரு வண்டி வாங்கியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு மைதானத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். "போட்டுக் காட்டு" என்று சொல்லாதீர்கள். "எடுத்துக் காட்டு" என்று சொல்லுங்கள்.