பெண்டாங் வயர்மேனுக்கு ஒரு வகுப்பு



கூலிம் ஹைடெக் பார்க்கில் ஃபர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை 2008 முதல் இயங்கி வருகிறது. கெடா மண்ணில் தயாராகும் சோலார் பலகைகள் அமெரிக்கா வரை போகின்றன. ஆனால் இதே கெடாவில், பெண்டாங்கில் இருக்கும் உங்கள் வீட்டுக் கூரையில் நாலு பலகை போட வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

பெரும்பாலும் வெளியூர்க் கம்பெனிதான். வாட்ஸ்அப்பில் கூரைப் படத்தைக் கேட்பார்கள், விலை சொல்வார்கள், வந்து மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு ஸ்குரு முடுக்கிய இடத்தில் மழைத்தண்ணீர் ஒழுகினால்? இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால்? பழக்கதோஷத்தில் நம் தாமான் வயர்மேன் அண்ணனுக்குத்தான் போன் போடுவோம். அவரோ, "இது எனக்குப் பழக்கமில்லாத சாமான்மா, நான் கை வச்சா வாரண்டி போயிடும்" என்பார். அவர் சொல்வது நியாயம்தானே?

அந்த அண்ணனைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது. ஒரு பழைய வேன், கூட ஒன்றிரண்டு பையன்கள். கோயில் திருவிழாவுக்கு விளக்கு, புது வீட்டுக்கு வயரிங், வயலுக்குப் பம்ப் மோட்டார் என்று ஓடிக்கொண்டே இருப்பவர். தோட்டத்தில் ஜெனரேட்டர் ஓடினால்தான் லயத்தில் விளக்கு என்றிருந்த காலத்தில், அந்த இஞ்சினைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்ற பெரியவர்கள் நம்மிடையே உண்டு. இவர் அந்த வரிசையில் வந்தவர். கைத்திறனுக்குக் குறைவே இல்லை.

ஆனால் சோலார் கொஞ்சம் வேறு மாதிரி. வீட்டு வயரிங்கில் மெயின் சுவிட்சை அணைத்தால் கவலையில்லாமல் வேலை பார்க்கலாம். கூரையில் அப்படி முடியாது. எந்த சுவிட்சை அணைத்தாலும், வெயில் அடிக்கும் வரை பலகையிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அது டிசி. இணைப்பு சரியாக இறுகாவிட்டால் பொறி பறக்கும், லேசில் அணையாது. இன்னொன்று நிழல். பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் கோத்திருந்தால், பக்கத்துத் தென்னை மரத்தின் நிழல் ஒரு பலகையில் விழுந்தாலே வரிசை முழுவதும் தரும் மின்சாரம் குறையலாம். எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் நிழல் விழும் என்பதை வாட்ஸ்அப் படம் சொல்லுமா? நேரில் ஏணி வைத்து ஏறிப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

மின் பில் கணக்கும் முன்பு போல் இல்லை. நெட் மீட்டரிங் திட்டம் 2025 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்தது. அதில் வீட்டுச் செலவு போக மிச்சமான யூனிட்டை அடுத்தடுத்த மாதங்களுக்குக் கொண்டுபோக முடிந்தது. 2026 ஜனவரியில் தொடங்கிய சோலார் ஆதாப் திட்டத்தில் அந்தந்த மாதத்து மிச்சத்தை அந்தந்த மாதத்து பில்லிலேயே கழித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் இருப்பது நமக்கில்லை. நாலு கிலோவாட் பலகை நம் ஊர் வெயிலுக்கு மாதம் சுமார் 400 யூனிட் தரும். உங்கள் வீட்டில் மாதம் 250 யூனிட்தான் ஓடுகிறது என்றால், தேவைக்கு மேல் பலகை வாங்கிக் காசை வெயிலில் காயப்போட்டதாகத்தானே அர்த்தம்? விற்க வந்தவர் இதைச் சொல்லமாட்டார். நாளைக்கும் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டிய உள்ளூர்க்காரர் சொல்வார். அதற்கு அந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லிக் கொடுக்க ஆளில்லையா என்றால், இருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய கட்டட சோலார் திட்டக் காலத்திலிருந்தே ஷா ஆலாம் யுஐடிஎம் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் இந்தத் துறைக்குப் பாடம் வகுத்து, நூல் எழுதி, ஆட்களைப் பழக்கி வந்திருக்கிறார்கள். செடா எனப்படும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையம் பல்கலைக்கழகங்களோடும் பயிற்சி மையங்களோடும் சேர்ந்து சோலார் வடிவமைப்புக்கு ஒரு கோர்ஸும், வயர்மேன்களுக்கென்றே பொருத்துதல், பராமரிப்புக்கு ஒரு கோர்ஸும் நடத்துகிறது. நல்ல ஏற்பாடு, பாராட்ட வேண்டும்.

ஆனால் பெண்டாங் அண்ணன் ஷா ஆலாமுக்குப் போய்த் தங்கிப் படிக்க வேண்டுமென்றால், கோர்ஸ் கட்டணம், பஸ், ரூம் வாடகை, அத்தனைக்கும் மேல் அந்த நாட்களின் சம்பாத்தியமும் போகும். எச்ஆர்டி கார்ப் பயிற்சி நிதி இருக்கிறதே என்பீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம் லெவி கட்டிப் பயன் பெறலாம். 5 முதல் 9 பேர் வரை உள்ளவர்கள் விரும்பினால் சேரலாம். அண்ணனும் இரண்டு பையன்களும் சேர்ந்தால் மூன்று பேர். லெவி வழியில் அவருக்குக் கதவே இல்லை. கடனுக்கு தெக்குனில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்புமி திட்டம் இருக்கிறது. தொழில் தெரியாமல் கடனை வாங்கி என்ன செய்வது?

பாடமே ஊர் தேடி வந்த ஒரு கதை டென்மார்க்கில் உண்டு. அஸ்கோவ் என்ற கிராமத்து உயர்பள்ளியில் பாடம் நடத்திய பால் லா கூர், 1891இல் அங்கே காற்றாலை வைத்து மின்சாரம் எடுத்துப் பார்த்தார். அதோடு நிற்காமல், 1904 முதல் கிராமத்து இளைஞர்களுக்கு மின்சார வேலை கற்றுக்கொடுக்கும் வகுப்பும் நடத்தினார். அந்த முதல் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் யொஹான்னஸ் யூல், அப்போது பதினேழு வயதுப் பையன். 1957இல் கெட்சர் என்ற இடத்தில் 200 கிலோவாட் காற்றாலையை ஓடவிட்டவர் அவர்தான். பிற்காலத்து டேனிஷ் காற்றாலைகள் அதன் மூன்று இறக்கை அமைப்பைத்தான் பின்பற்றின. லா கூர் தம் பாடத்தைத் தலைநகரில் வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது.

நமக்குப் பக்கத்தில் என்ன குறை? பெர்லிஸ் யுனிமாப் பல்கலைக்கழகத்தில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. செமிலிங்கில் நம் சமூகத்தின் முயற்சியில் எழுந்த எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே பொறியியல் துறையும் உண்டு. ஜித்ராவில் பாலிடெக்னிக். கொட்டேஷன் போடவும், கணக்கு எழுதவும், பாங்கியில் பேசவும் சொல்லிக்கொடுக்க சிந்தோக்கில் யுயுஎம். எல்லாமே காலையில் போய் மாலையில் திரும்பிவிடும் தூரம்தான்.

சோலார் மட்டுமா? பெண்டாங் நெல் விளையும் பூமி. நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்து நெல் காயவைக்கலாம், ஆவியும் எடுக்கலாம். ஆனால் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சூடு அளவு மீறினால் அதன் தன்மையே மாறிவிடும், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. ஒரு சின்ன ஆலைக்காரருக்கு இதை அளந்து சொல்ல இந்தப் பல்கலைக்கழகங்களில் ஒன்றின் லேப் உதவக்கூடாதா?

வயர்மேன்களுக்காக நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. சனி, ஞாயிறு வகுப்பு, அதுவும் பெண்டாங்கிலேயே. கோயில் மண்டபம் போதும், கூரை இருக்கிறதே, ஏறிப் பழகலாம். மலாயில் நடக்கட்டும், புரியாத இடத்தில் தமிழில் விளக்க ஒருவர் இருக்கட்டும். வகுப்பு முடிந்த பிறகும், கூரையில் நின்றபடி ஒரு சந்தேகம் என்றால் எடுத்துப் பேச ஒரு விரிவுரையாளரின் நம்பர் வேண்டும். என்னைக் கேட்டால் சர்ட்டிபிகேட்டைவிட அந்த நம்பர்தான் முக்கியம்.

கோயில் நிர்வாகத்தில், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் வாசகர்களே, அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். கோயில், பள்ளிக் கூரைக்கு சோலார் போட யாரிடம் கையெழுத்துப் போட்டாலும், உள்ளூர் வயர்மேன் ஒருவரைக் கூட வைத்துப் பழக்கிவிட்டுப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

பெண்டாங், தோக்காய், கோபா வட்டாரத்து வயர்மேன் அண்ணன்மார்களே, தம்பிமார்களே, எந்தக் கிழமை உங்களுக்குத் தோதுப்படும், என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று நாலு வரி எழுதிப் போடுங்கள். வரும் கடிதங்களைக் கட்டி, யுனிமாப்புக்கும் எய்ம்ஸ்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்