சுத்த சைவம்தாம்மா!



போன மாதம் விடுமுறைக்கு வந்த பேத்தியை, ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஒரு சைவ ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். அவள் ஒரு வருடமாகப் பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. (முதலில் கிண்டல் செய்தவர்களில் நானும் உண்டு.) "அண்ணா, வீகன்ல என்ன இருக்கு?" என்றாள். "எல்லாமே சுத்த சைவம்தாம்மா" என்றார் பரிமாறியவர். வந்த தோசையில் நெய் மினுமினுத்தது. வீணாக வேண்டாமே என்று என் பக்கம் தள்ளிவிட்டுத் தண்ணீரைக் குடித்தாள். எனக்கு என் தோசையே இறங்கவில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் சைவம் என்றால் பாலும் நெய்யும் சேர்ந்ததுதான். அதனால் இப்போது, "எண்ணெய் விட்டுச் சுடுங்க, நெய் வேண்டாம், குருமாவில் தயிர் இருக்கா?" என்று பொருளைச் சொல்லியே கேட்கிறேன். இட்லிக்குப் பயமில்லை. பொடி இட்லி என்றால் நெய் வந்து விழும். பொங்கல் பக்கமே போகக்கூடாது.

சின்ன மெஸ்ஸில் சமைப்பவரையே கேட்டுவிடலாம். பெரிய ஓட்டல்களில் குருமா வேறெங்கோ தயாராகி வேனில் வந்தால், பரிமாறுகிறவருக்கு என்ன தெரியும்? 10 இடங்களிலோ அதற்கு மேலோ கிளை உள்ள உணவகங்கள், பால் உள்ளிட்ட ஒவ்வாமைப் பொருள்களைத் தெரிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறையே சொல்கிறது. 'பால் உண்டு' என்று மெனு கார்டில் இரண்டு சொல் போட என்ன செலவு? பச்சைப் புள்ளி போதாது; பால்கோவா டப்பாவிலும் அதே புள்ளிதான்.

ஓட்டல் தொழிலில் இருக்கும் என் மாணவர்களே, அடுத்த கார்டு அச்சடிக்கும்போது பாருங்கள். மே மாதம் பேத்தி மறுபடி வருகிறாள்.