கவுன்சில் கையைச் சுருக்கினால் கேர் விசா ஆடும்! - கடல் கடந்த வேலை

“ஏம்மா, என் பொண்ணு வேலை பார்க்குற ஹோமை மூடப்போறாங்களாம். அப்படின்னா அவ விசா போயிடுமா?”

போன வாரம் சாயங்காலம் நமது டிஜிட்டல் டெஸ்க் எண்ணுக்கு வந்த அழைப்பு இது. பேசியவர் டெல்டா பக்கத்து கிராமத்து அம்மா. மகள் பி.காம் படித்தவர். 2023-ல் கேர் விசாவில் இங்கிலாந்தின் வடபகுதிக்குப் போனவர். நகையை அடகு வைத்தது, தாய்மாமனிடம் கைமாற்று வாங்கியது என்று கடன் இன்னும் பாதி நிற்கிறது. மகள் போனில், “கவுன்சில் ரேட்டை ஏத்த மாட்டேங்குதாம், ஓனர் மூடிடலாம்னு யோசிக்கிறாராம்” என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அதுதான் புரியவில்லை.

“கவுன்சில்னா நம்ம பஞ்சாயத்து மாதிரிதானே? அவங்களுக்கும் எம்பொண்ணு வேலைக்கும் என்னம்மா சம்பந்தம்?”

ரொம்பச் சரியான கேள்வி. விசா செய்திகளை வாராவாரம் எழுதும் நானே இதைத் தனியாக எழுதியதில்லை. அதனால் இந்த வாரம் முழுக்க இதுதான்.

யார் பணம் கொடுக்கிறார்கள்?

இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் பில் கிடையாது, அது என்.ஹெச்.எஸ். ஆனால், வயதானவரைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, படுக்கையில் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் மருத்துவக் கணக்கில் வராது. அதற்கு ‘சோஷியல் கேர்’ என்று தனிப் பெயர், தனிப் பணம். நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் போயிருப்பது இந்த வேலைக்குத்தான்.

இந்தக் கவனிப்பு இலவசம் இல்லை. ஒருவரிடம் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் முழுச் செலவும் அவருடையது. கேர் ஹோமிலேயே தங்குவதாக இருந்தால், பெரும்பாலும் அவருடைய சொந்த வீடும் அந்தக் கணக்கில் சேரும் (கணவனோ மனைவியோ இன்னும் அந்த வீட்டில் வசித்தால் சேராது). இந்த 23,250 என்ற எண் 2010-லிருந்து மாறவே இல்லை. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, எண் மட்டும் அங்கேயே நிற்கிறது.

சொத்து அதற்குக் கீழே இருந்தால்தான் கவுன்சில் வரும். இந்தப் பொறுப்பு உள்ள கவுன்சில்கள் இங்கிலாந்தில் 153. அவை அனேகமாகத் தாங்களே ஹோம் நடத்துவதில்லை. தனியார் ஹோம்களிடமும், வீடு வீடாக ஆள் அனுப்பும் நிறுவனங்களிடமும் இத்தனை பேருக்கு வாரம் இவ்வளவு என்று ரேட் பேசி வாங்குகின்றன. அந்த ரேட்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ரேட் எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஒரு உதாரணம். அந்நாட்டுப் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2017-ல் ஆராய்ந்தபோது, ஒரே ஹோமில் சொந்தப் பணம் கட்டுபவர், கவுன்சில் கட்டுவதைவிடச் சராசரியாக 41 சதவிகிதம் அதிகம் கட்டுவது தெரிந்தது. கவுன்சில் கொடுப்பது போதாமல், பக்கத்து அறைத் தாத்தாவிடம் வசூலித்து ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். பணக்காரத் தாத்தாக்கள் நிறைந்த தெற்குப் பகுதியில் இது நடக்கும். அந்த அம்மாவின் மகள் இருப்பது போன்ற பழைய தொழிற்சாலை ஊர்களில், ஹோமில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்குக் கவுன்சில்தான் கட்டுகிறது. அங்கே யாரிடம் போய் வசூலிப்பது?

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலையில் இன்னும் மோசம். ஹோம்கேர் அசோசியேஷன் என்ற முதலாளிகள் சங்கம், சட்டப்படி சம்பளம் கொடுத்து நிறுவனத்தை நடத்த 2025-26-ல் மணிக்கு 32.14 பவுண்டாவது வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது. பல கவுன்சில்கள் கொடுப்பது அதற்குக் கீழே. அந்த இடைவெளி எங்கே போய் விழுகிறது என்றால், ஒரு பாட்டி வீட்டிலிருந்து அடுத்த பாட்டி வீட்டுக்குக் காரில் போகும் நேரத்துக்குச் சம்பளம் இல்லாமல் போவதில். உங்கள் பிள்ளை “12 மணி நேரம் வெளியே இருந்தேன், 7 மணி நேரத்துக்குத்தான் காசு” என்று புலம்பினால், காரணம் இதுதான். பயண நேரத்தையும் சேர்த்துப் பார்த்துக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே சம்பளம் இறங்கினால் அது சட்டவிரோதம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.

ஏப்ரலில் ஏன் எல்லோரும் பதறுகிறார்கள்?

2025 ஏப்ரலில் இரண்டு அடி ஒன்றாக விழுந்தது. குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.44 பவுண்டிலிருந்து 12.21 ஆனது. ஊழியர்களுக்கு நல்லதுதான். கூடவே, முதலாளி அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸ் 13.8 சதவிகிதத்திலிருந்து 15 ஆனது. முன்பு ஆண்டுக்கு 9,100 பவுண்டுக்கு மேற்பட்ட சம்பளத்துக்குக் கட்டினால் போதும், இப்போது 5,000-க்கு மேலேயே கட்டவேண்டும்.

23,000 பவுண்டு சம்பளக்காரர் ஒருவருக்குப் போட்டுப் பார்த்தேன். முன்பு முதலாளி கட்டியது சுமார் 1,918. இப்போது 2,700. ஆளுக்கு 780 பவுண்டு கூடுதல். 50 பேர் வேலை பார்க்கும் ஹோம் என்றால் ஆண்டுக்கு 39,000. சிறு முதலாளிகளுக்கு ஒரு கழிவு கொடுத்திருக்கிறார்கள். இந்த அளவு ஹோமுக்கு அது காணாது.

நஃபீல்டு ட்ரஸ்ட் என்ற ஆய்வு அமைப்பு, இரண்டும் சேர்ந்து இந்தத் துறைக்கு 2025-26-ல் ஏறும் செலவு 280 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது. அரசு கவுன்சில்களுக்குக் கூடுதலாகத் தந்ததோ 88 கோடி, அதுவும் குழந்தைகள் நலச் செலவையும் சேர்த்து.

2026 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் 12.71 ஆனது. அதற்குள் கவுன்சில்கள் புதிய ரேட் சொல்லவேண்டியிருந்தது. பிப்ரவரி, மார்ச்சில்தான் அங்கே கவுன்சில் பட்ஜெட் கூட்டங்கள். வீட்டு வரியை மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தாமல் பொதுவாக 5 சதவிகிதம் வரைதான் ஏற்றலாம், அதில் 2 சதவிகிதம் சோஷியல் கேருக்கென்றே ஒதுக்கியது. பெர்மிங்காம், நாட்டிங்காம் போன்ற பெரிய கவுன்சில்களே 2023-ல் ‘கணக்கு உதைக்கிறது, கட்டாயச் செலவு தவிர வேறு செய்ய முடியாது’ என்று அறிவிக்கும் நிலைக்குப் போனதை மறக்கவேண்டாம்.

ஆக, உங்கள் மகளோ மருமகனோ அங்கே இருந்தால், அந்த ஊர்க் கவுன்சில் ஹோம்களுக்கு எத்தனை சதவிகிதம் ஏற்றிக் கொடுக்கிறது என்ற செய்தியைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் பஞ்சப்படி செய்தி பார்ப்போமே, அந்த மாதிரி.

மூடினால் விசா?

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

கேர் விசா அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது. நிறுவனம் மூடினாலோ, ஸ்பான்சர் லைசென்ஸ் பறிபோனாலோ, உள்துறையிலிருந்து கடிதம் வரும். பொதுவாக அதிலிருந்து 60 நாள். அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைத்து, புதிய விசாவுக்கு விண்ணப்பித்திருக்கவேண்டும். இல்லையென்றால் கிளம்பவேண்டும். ஹோம் மூடிய மறுநாளே விசா செத்துவிடாது, கடிதம் வரும்வரை நேரம் உண்டு. ஆனால், கடிதத்துக்காகக் காத்திருந்து நாளை வீணாக்கக் கூடாது.

மூடாமல் வேறு ஒருவருக்கு விற்கிறார்கள் என்றால் அவ்வளவு பயமில்லை. புதிய உரிமையாளரிடம் ஸ்பான்சர் லைசென்ஸ் இருக்கிறதா, இல்லையென்றால் 20 வேலை நாள்களுக்குள் விண்ணப்பிக்கிறாரா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடவேண்டும்.

இது எங்கோ ஒன்றிரண்டு பேருக்கு நடப்பதில்லை. 2022 ஜூலையிலிருந்து 2024 டிசம்பர் வரை 470-க்கும் மேற்பட்ட கேர் நிறுவனங்களின் லைசென்ஸை அரசு ரத்து செய்திருக்கிறது. அந்த நிறுவனங்களோடு சம்பந்தப்பட்ட ஊழியர்கள் சுமார் 39,000 பேர்.

அவர்களுக்கு உதவ ஒரு நிதி கொடுத்தார்கள். வட்டாரம் வட்டாரமாகக் கவுன்சில்கள் சேர்ந்த கூட்டமைப்புகளுக்கு 2024-25-ல் 1.6 கோடி பவுண்டு வரை ஒதுக்கினார்கள். வேலை இழந்த கேர் ஊழியரை, ஆள் தேடும் வேறு ஸ்பான்சரோடு இணைத்துவிடுவதுதான் வேலை. 2025 ஏப்ரல் 9 முதல் இங்கிலாந்தில் யாருக்காவது புதிதாக ஸ்பான்சர் செய்ய நினைக்கும் கேர் நிறுவனம், முதலில் இந்தப் பட்டியலில் உள்ளவர்களிடம் ஆள் தேடியதைக் காட்டவேண்டும் என்றும் விதி வந்தது.

காகிதத்தில் அருமை. ஒர்க் ரைட்ஸ் சென்டர் என்ற தொண்டு அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய கணக்கில், இந்தத் திட்டத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குக்கூடப் புதிய வேலை கிடைத்ததாகப் பதிவாகவில்லை. இத்தனைக்கும் ஸ்கில்ஸ் ஃபார் கேர் அமைப்பின் கணக்குப்படி 2024-25-ல் இந்தத் துறையில் 1,11,000 இடங்கள் காலி! ஆள் இல்லை என்று ஒரு பக்கம் அழுகை, ஆள் தெருவில் நிற்பது இன்னொரு பக்கம். பலரிடம் கார் இல்லை, லைசென்ஸ் இல்லை, குடும்பத்தை விட்டு வேறு ஊர் போக முடியவில்லை என்று காரணம் சொல்கிறார்கள். ஸ்பான்சர் செய்ய ஹோமுக்கு ஆகும் செலவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஸ்பான்சர்ஷிப் சான்று ஒன்றுக்கு 239 பவுண்டாக இருந்த கட்டணம் 2025 ஏப்ரலில் 525 ஆனது. அதனால் கூட்டமைப்பில் பெயர் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாமல், சொந்தமாகவும் தேடவேண்டும்.

‘14 லட்சம், மூணு மாசத்துல விசா’

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாசகர் வாட்ஸ்அப் ஆடியோ ஒன்றை ஃபார்வர்டு செய்தார். யாரோ ஒரு ஏஜென்ட். யு.கே கேர் விசா, 14 லட்சம், மூன்று மாதத்தில் உறுதி.

2025 ஜூலை 22-லிருந்து வெளிநாட்டில் இருப்பவரைப் புதிதாகக் கேர் ஊழியராக அழைக்கும் வழி மூடப்பட்டுவிட்டது. இந்தியாவில் இருந்துகொண்டு இப்போது கேர் ஊழியர் விசா வாங்கவே முடியாது. 14 லட்சத்துக்கும் முடியாது, 40 லட்சத்துக்கும் முடியாது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் மாறிக்கொள்ள மட்டும் 2028 ஜூலை வரை கதவு திறந்திருக்கிறது. அதுவும், அந்த நிறுவனத்தில் குறைந்தது மூன்று மாதம் முறைப்படி வேலை செய்திருக்கவேண்டும். “ஸ்டூடன்ட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்” என்று சிலர் சொல்வது இந்தச் சந்தை நம்பித்தான். மாற்றித் தர ஒரு ஹோம் சம்மதிக்கவேண்டும், அந்த ஹோம் அதுவரை மூடாமல் இருக்கவேண்டும். காலேஜ் ஃபீஸை மட்டும் முன்கூட்டியே கட்டியாகவேண்டும்.

நர்ஸிங் படித்துப் பதிவு பெற்றவர்களுக்குக் கதை வேறு. அவர்களுக்கான விசா வழி மூடப்படவில்லை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் பிரிட்டனுக்கு நர்ஸ்களைத் தேர்வு செய்து அனுப்புகிறது. எந்த ஏஜென்ட்டாக இருந்தாலும், மத்திய அரசிடம் பதிவு பெற்றவர் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டியும்தான். சந்தேகம் இருந்தால் அயலகத் தமிழர் நலத்துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793-ல் கேட்கலாம்.

அங்கே ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. கேர் ஊழியர்கள் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற அப்போதிருந்த 5 ஆண்டை 15 ஆண்டாக்கலாம் என்று அரசு 2025 நவம்பரில் முன்மொழிந்தது. ஏற்கெனவே வந்தவர்களுக்கும் சேர்த்தா என்பதுதான் பெரிய சண்டையாக இருந்தது. 2026 பிப்ரவரி 12 வரை பொதுமக்கள் கருத்தை அரசு இணையதளத்தில் பதிய முடிந்தது.

அந்த அம்மாவுக்குத் திரும்பப் போன் செய்து மூன்று விஷயம் சொன்னேன். ஸ்பான்சர் பட்டியல் பிரிட்டன் அரசு இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது, மகளின் ஹோம் பெயர் இன்னும் அதில் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். ஹோமைச் சோதனை செய்யும் சி.க்யூ.சி அமைப்பின் இணையதளத்தில் அதன் மதிப்பீடு ‘குட்’ என்று இருக்கிறதா, அதற்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூடினாலும் மூடாவிட்டாலும், சம்பளச் சீட்டு, ஸ்பான்சர்ஷிப் சான்று, பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றையும் மகள் தன் மெயிலுக்கு இப்போதே அனுப்பிவைக்கட்டும். ஹோம் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் பூட்டிய பிறகு கையில் வராது.

எல்லாவற்றையும் பேரனிடம் சொல்லி நோட்டில் எழுதவைத்தார். கடைசியில், “அந்த ஹோம்ல 92 வயசுப் பாட்டி ஒண்ணு இருக்காம்மா, எம்பொண்ணு ஊட்டுனாத்தான் சாப்பிடுமாம். மூடினா அதை எங்க கொண்டுபோய் விடுவாங்க?” என்றார்.

வேறு இடம் பார்த்துத் தரவேண்டியது கவுன்சிலின் சட்டக் கடமை என்று சொன்னேன். “எந்த ஊர்ல?” என்றார்.