அறிவிக்கப்படாத மூன்றாம் பிரிவு

அடிப்படை உரிமைகள் என்ற மகுடத்தின் கீழ் நம் அரசியல் சாசனம் வகுத்திருக்கும் ஷரத்துக்களுள் 22-ஆவதைப் போல் முற்பாதியில் ஒரு முகமும் பிற்பாதியில் வேறொரு முகமும் காட்டுவது மற்றொன்றில்லை. கைதானவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், அவன் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ள இடங்கொடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று முதலில் தாராளமாக வழங்கிவிட்டு, தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவனுக்கு இவை பொருந்தா என்று அடுத்த வரியிலேயே அது திரும்ப வாங்கிக்கொள்கிறது. செய்த குற்றத்துக்காக அல்லாமல், செய்யக்கூடும் என்று ஓர் அதிகாரி திருப்தியடைந்த காரியத்துக்காக ஒரு மனிதனை விசாரணையின்றிச் சிறையிலிடும் அதிகாரம், யுத்தகாலம் சமாதானகாலம் என்ற பேதமின்றி, உரிமைகளின் அத்தியாயத்திலேயே இடம்பிடித்து அமர்ந்திருக்கிறது.

இந்த அதிகாரம் கம்பெனியார் விட்டுச்சென்ற ஆஸ்தி. வங்காளத்தில் 1818-ஆம் வருஷத்து மூன்றாம் ரெகுலேஷனும், மறு வருஷமே சென்னை ராஜதானியில் பிறந்த இரண்டாம் ரெகுலேஷனும், ராஜாங்கக் கைதி என்ற பெயர் சூட்டி எவரையும் நியாயஸ்தலங்களின் பார்வைக்கு அப்பால் வைத்திருக்க சர்க்காருக்கு வழி செய்தன. 1907-இல் லாலா லஜபதி ராயையும் அஜித் சிங்கையும் மாண்டலேக்குக் கொண்டுபோனது 1818-ஆம் வருஷத்து அந்தப் பழைய ரெகுலேஷனின் பலத்தில்தான். 1919-இல் ரௌலட் சட்டம் வந்தபோது தேசம் முழுவதும் எழுந்த கொந்தளிப்பை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

அப்படிக் கொந்தளித்தவர்களே சாசனம் எழுத உட்கார்ந்தபோது என்ன செய்தார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கும் சட்டம் நியாயமானதா என்று பார்க்கும் அதிகாரத்தை நீதிபதிகளுக்குத் தரக்கூடிய அமெரிக்க வாசகத்தை, அந்நாட்டு நீதிபதி பிராங்க்பர்ட்டரைச் சந்தித்துத் திரும்பிய அரசியல் சாசன ஆலோசகர் பி. என். ராவின் யோசனைப்படி நீக்கிவிட்டு, சட்டம் விதித்த நடைமுறை இருந்தால் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். அந்த இழப்புக்கு ஓரளவு ஈடாகவே, இன்று 22-ஆகத் திகழும் ஷரத்தை 1949 செப்டம்பர் 15-ஆம் தேதி அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்தார். வரைவுக் குழுவினர் சிறைவாச அனுபவம் பெற்றிருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டார்கள் என்ற பொருளில் மஹாவீர் தியாகி குறைப்பட்டுக்கொள்ள, இனிமேல் அந்த அனுபவத்தைப் பெற முயல்வதாக அம்பேத்கர் நகைச்சுவையாகப் பதிலளிக்க, பிரிட்டிஷார் தராத அந்தப் பாக்கியத்தை அவர் கையால் எழுதும் சாசனமே அவருக்குத் தந்துவிடும் என்று தியாகி மீண்டும் சொன்னார். சபை சிரித்திருக்கக்கூடும், ஷரத்து நிறைவேறிவிட்டது.

குடியரசு பிறந்து ஒரு மாதம் முடிவதற்குள் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. பல இரவுகள் உறக்கமின்றிக் கழித்த பிறகே அதைக் கொண்டுவந்ததாக சர்தார் படேல் பார்லிமெண்டில் கூறினார். அவர் கூற்றில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓராண்டுக்கென்று பிறந்த அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு 1969 இறுதி வரை ஜீவித்தபோது, அடுத்தடுத்துப் புதுப்பித்தவர்கள் எவரும் உறக்கம் இழந்ததாகத் தெரியவில்லை. அதன் முதல் பரீட்சை சென்னை ராஜ்யத்திலிருந்தே எழுந்தது. 1947 டிசம்பர் முதல் சிறையிலிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் தண்டனைகள் ரத்தான பின்னும், 1950 மார்ச் 1-ஆம் தேதி புதிய சட்டத்தின்படி ஓர் உத்தரவு சிறைக்குள்ளேயே அவர் கையில் கொடுக்கப்பட்டது. எம். கே. நம்பியார் அவருக்காக வாதாடினார். மே 19-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, காவலுக்கான காரணங்களை நியாயஸ்தலத்திடமும் வெளியிடக்கூடாது என்ற 14-ஆம் பிரிவு மட்டும் வீழ்ந்தது, சட்டம் நிலைத்தது. சட்டம் என்று ஒன்று எழுதப்பட்டுவிட்டால் அது நியாயமானதா என்று கேட்கலாகாது என்பதைப் பெரும்பான்மையோர் ஏற்றுக்கொள்ள, பசல் அலி ஒருவர் அதற்கு இணங்கவில்லை. அவருடைய அபிப்பிராயமே சரியானதென்று அதே கோர்ட் ஒப்புக்கொள்ள இருபது வருஷங்கள் பிடித்தன.

அதற்குப் பிறகும் 1976 ஏப்ரல் 28-ஆம் தேதி வந்தது. நெருக்கடி நிலையில் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தின் கைதிகள் ஆட்கொணர்வு மனு போடவே இயலாது என்று சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் நால்வர் சொல்ல, மாறுபட்டு நின்ற எச். ஆர். கன்னா அதன் விலையாகத் தலைமை நீதிபதிப் பதவியை இழந்தார். அந்தத் தீர்ப்பு 2017-இல்தான் வெளிப்படையாக ரத்தாயிற்று.

அந்தக் காயத்துக்கு மருந்தாகப் பார்லிமெண்ட் 1978-இல் நிறைவேற்றிய 44-ஆவது திருத்தத்தின் மூன்றாம் பிரிவைப் பற்றியே நான் சொல்ல வந்தது. காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் ஒப்புதலின்றி ஒருவரை வைத்திருக்கக்கூடிய காலத்தை அது மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கிறது. அக்கழகத்தை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அமைக்க வேண்டும் என்கிறது. பதவியிலுள்ள நீதிபதியே அதற்குத் தலைமை ஏற்க வேண்டும், ஏனையோர் நீதிபதிகளாக இருப்பவர்களாகவோ இருந்தவர்களாகவோ இருக்க வேண்டும் என்கிறது. நீதிபதியாவதற்குத் தகுதி பெற்றிருந்தாலே போதும் என்ற இன்றைய தளர்வு அதில் இல்லை. ஆனால் அமலுக்கு வரும் நாளைக் குறிக்கும் பொறுப்பு சர்க்காரிடம் விடப்பட்டது; ஏனைய பிரிவுகளுக்கெல்லாம் நாள் குறித்தவர்கள் இதற்கு மட்டும் இன்றுவரை குறிக்கவில்லை. ஏ. கே. ராய் வழக்கில், நாள் குறிக்கும்படி சர்க்காருக்குக் கட்டளையிட இயலாது என்று சுப்ரீம் கோர்ட் பெரும்பான்மையால் கைவிரித்தது. நெருக்கடி நிலையில் சிறையிருந்த மொரார்ஜி தேசாய், சரண் சிங், சந்திரசேகர், வாஜ்பாய் ஆகியோர் பிரதமராக வீற்றிருந்த காலங்களிலும் அந்த ஒரு பக்க அறிவிப்பு கெஜட்டில் ஏறவில்லை. மிசா சிறைவாசத்தைத் தியாக முத்திரையாகச் சொல்லிக்கொள்வோர் தமிழ்நாட்டிலும் உண்டு. ஆயினும் கள்ளச்சாராயம் காய்ச்சுவோரையும் குண்டரையும் குறித்து 1982-இல் வந்த நம் குண்டர் சட்டம் மணல், திருட்டு வீடியோ, இணையக் குற்றம், பாலியல் குற்றம் என்று அகன்றதே அன்றிச் சுருங்கியதில்லை.

குண்டாஸ் போட்டுவிட்டார்கள் என்று குடும்பத்தார் அறியும்போது, சிறைக்குள் இருப்பவன் கையில் ஒரு கனத்த காகிதக் கட்டு வந்து சேர்ந்திருக்கும். அவன் ஜாமீனில் வெளிவரும் வாய்ப்பு உண்டு என்று காட்ட, முன்பின் அறியாத வேறொருவனுக்கு வேறொரு வழக்கில் கிடைத்த ஜாமீன் உத்தரவு அதில் கோக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தின் நகல் எழுத்தே தெரியாமல் கறுத்திருக்கும். இன்னொன்று தமிழாக்கமின்றி இங்கிலீஷில் நிற்கும். உயர்நீதிமன்றத்தில், சென்னையிலும் மதுரையிலும், இந்த உத்தரவுகளுள் பல இத்தகைய குறைகளுக்காகவே ரத்தாகின்றன. ஆனால் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வருவதற்குள் கைதி மாதக்கணக்கில் உள்ளிருந்துவிடுகிறான். ஆகவே ரத்தாகும் என்று தெரிந்தே உத்தரவு போடுவதிலும் சர்க்காருக்கு நஷ்டமில்லை.

சாட்சிகள் அஞ்சி நடுங்கும் ரௌடிகளைச் சாதாரணச் சட்டத்தால் அடக்க முடியாது என்று போலீசார் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் 1978-ஆம் வருஷத்துத் திருத்தம் அந்த அதிகாரத்தைப் பிடுங்கவில்லை. ஒரு மாதத்தைக் குறைத்து, கழகத்தை சர்க்காரின் கைக்கு எட்டாத தூரத்தில் வைக்கிறது, அவ்வளவே. அதற்குப் புதிய மசோதா வேண்டாம், விவாதம் வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டாம். மத்திய சர்க்கார் நாளைக் குறித்தால், மாநிலங்கள் தங்கள் கழகங்களைத் திருத்தியமைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தாராளமாகப் போதும்.